தூண்டிலும் கொள்முதல் ஏடும்

திருவனந்தபுரத்தில் விமானம் தரையை விட்டெழுந்து, கேரளக் கரையின் தென்னந்தோப்புகள் பின்னுக்கு ஒதுங்கிய பிறகு, ஏறக்குறைய ஒரு மணி நேரம் கீழே சமுத்திரத்தைத் தவிர வேறொன்றும் காணாத பிரயாணிக்கு, மாலத்தீவின் முதல் பவழ வளையம் தென்படுகிறபோது, இத்தனை பெரிய நீர்ப்பரப்பில் இத்தனை சிறிய நிலத்தை நம்பி மனிதர்கள் எப்படிக் குடியேறத் துணிந்தார்கள் என்ற ஆச்சரியமே முதலில் எழுகிறது. ஏறக்குறைய 1,200 தீவுகள். அவற்றில் ஜனங்கள் வசிப்பவை இருநூறுக்கும் குறைவு. ஆறு கிடையாது, மலை கிடையாது, நெல் விளையாது. தென்னையையும் மீனையும் கொண்டே அந்த ஜனங்கள் பல நூற்றாண்டுகளாக ஜீவித்து வந்திருக்கிறார்கள். என்னோடு விமானத்தில் வந்தவர்களில் பெரும்பாலோர் உல்லாச விடுதிகளை நாடிப் போகும் புதுமணத் தம்பதிகள். நான் போன காரியம் வேறு. ஒரு தகரடப்பாவின் பூர்வீகத்தைத் தேடிக்கொண்டு நான் அங்கே போனேன்.

இரண்டு வருஷங்களுக்கு முன்பு லண்டனில், ஈஸ்ட் ஹாம் பகுதியிலுள்ள என் தங்கை மகள் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஒருநாள் காலையில் அவள் ரொட்டிக்கு நடுவில் வைப்பதற்காகச் சூரை மீன் டப்பா ஒன்றைத் திறந்தாள். "மாமா, இதுவும் நம்ம மாசிதான். என்ன, காயப்போடாத மாசி!" என்றாள். டப்பாவை வாங்கித் திருப்பிப் பார்த்தேன். மீன் வரிச்சூரை என்றும், பிடித்த இடம் மேற்கு இந்தியப் பெருங்கடல், பகுதி எண் 51 என்றும், பிடித்த விதம் கழித்தூண்டில் என்றும், நாடு மாலத்தீவு என்றும் பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தது. தூத்துக்குடியில் பிறந்து, மரக்கட்டைபோல் இறுகிய மாசித் துண்டை அம்மியில் தட்டிப் பாட்டி செய்து கொடுத்த சம்பலைத் தின்று வளர்ந்த எனக்கு, அந்த மீனை மனிதர் எவ்விதம் பிடித்தார்கள் என்பது ஐம்பது வருஷமாகத் தெரியாமலிருந்தது. கேட்கவேண்டும் என்று தோன்றியதுகூட இல்லை. ஐயாயிரம் மைலுக்கு அப்பாலுள்ள ஒரு பேரங்காடியோ அதைக் கேட்டு, பதிலை டப்பாவின் மேல் அச்சிட்டும் வைத்திருந்தது. கடைக்காரர் ஏன் கேட்டார், அவர் கேட்டதனால் கடலில் என்ன நேர்ந்தது என்று நேரில் அறிந்துகொள்ளும் ஆவல் அன்றைக்கே உண்டாயிற்று.

மாலே நகரின் வடக்குத் துறையை ஒட்டியிருக்கிற மீன் சந்தைக்கு, படகுகள் திரும்பி வருகிற பிற்பகல் வேளையில் போகவேண்டும். கழுவிக் கழுவிப் பளபளக்கும் ஓடு பதித்த தரையில் சூரை மீன்களை வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள். முதுகு கருநீலம், வயிறு வெள்ளி, அந்த வெள்ளியில் தலைப்பக்கத்திலிருந்து வால்வரை நான்கைந்து கறுத்த கோடுகள் நீளவாக்கில் ஓடுகின்றன. வரிச்சூரை என்று நம் கடற்கரையில் அதற்குப் பெயர் வைத்தவன் மீனை நன்றாகப் பார்த்தே வைத்திருக்கிறான். மேடையின் பின்னால் உட்கார்ந்திருக்கிற வெட்டுகாரர் மீனை ஒரு கையால் புரட்டி, தலையை வாங்கி, குடலைத் தள்ளி, நடுமுள்ளை ஒட்டிக் கத்தியைச் செலுத்தி, நான்கு நீளத் துண்டங்களாக எடுத்து வைக்க ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அவ்வளவு வேகத்திலும் முள்ளில் ஒட்டிய சதை என்று விரல் நகமளவு இல்லை. அங்கிருந்து சில எட்டுகள் நடந்தால் வேறொரு கடைத்தெரு. அங்கே எனக்குப் பழக்கமான வாசனை வந்தது. வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்திய மாசி குவியல் குவியலாகக் கிடந்தது. திவேஹி மொழியில் 'மஸ்' என்றால் மீன். நம் மாசி அந்தச் சொல்லிலிருந்தே வந்திருக்கவேண்டும் என்று அங்கே நின்றபோது தோன்றிற்று.

இந்த மாசி வியாபாரம் மிகப் புராதனமானது. 1343-ஆம் வருஷம் இந்தத் தீவுகளுக்கு வந்து, சிலகாலம் காஜியாகவும் இருந்த இபன் பதூதா, இங்குள்ள மீனைப் புகையூட்டி உலர்த்தி இந்தியாவுக்கும் சீனத்துக்கும் ஏமனுக்கும் அனுப்புகிறார்கள் என்று எழுதி வைத்திருக்கிறார். பிற்காலத்தில் இலங்கையே இதற்குப் பெரிய சந்தையாயிற்று. சிங்களவரின் உம்பலகடவும் தமிழரின் மாசிக் கருவாடும் ஒன்றேதான். தூத்துக்குடித் தோணிகள் வெங்காயமும் காய்கறியும் கட்டுமானச் சாமான்களும் ஏற்றிக்கொண்டு மாலேக்குப் போய்வந்த வழக்கம் என் தலைமுறைவரை நீடித்ததை நான் பார்த்திருக்கிறேன். 1970-களின் துவக்கத்தில் இலங்கை அரசாங்கம் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் இறக்குமதியைச் சுருக்கியபோது, ஒரே வாடிக்கைக்காரரை நம்பியிருந்த தேசம் திக்குமுக்காடிப் போயிற்று. அதன் பிறகே ஜப்பானியக் கம்பெனிகளின் உறைகுளிர்க் கப்பல்கள் வந்தன. 1974 முதல் பாய்மரத் தோணிகளுக்கு இயந்திரம் பொருத்தப்பட்டது. டப்பா அடைக்கும் தொழிற்சாலையும் ஏற்பட்டது. தூரதேசத்தில் எவரோ ஒருவர் எடுக்கிற தீர்மானத்தால் தங்கள் அடுப்பு எரியவும் அணையவும் கூடும் என்பதை இந்த ஜனங்கள் அப்போதே அனுபவித்துவிட்டார்கள்.

மாலேயிலிருந்து தெற்கே லாமு வளையத்திலுள்ள கத்தூ என்னும் தீவுக்குச் சிறிய விமானம் போகிறது. அங்கே ஒரு விசேஷம் உண்டு: ஃபொனதூ, கத்தூ, மாந்தூ, கன் ஆகிய தீவுகளை ஒரே சாலை இணைத்திருப்பதால், மாலத்தீவில் மிக அரிதான காரியமாக, படகேறாமலே ஒரு தீவிலிருந்து மற்றொன்றுக்குப் போய்வரலாம். கன் தீவில் இடிந்து மண்மேடாகக் கிடக்கிற பௌத்த ஸ்தூபத்தை எச். சி. பி. பெல் என்னும் இலங்கைத் தொல்பொருள் அதிகாரி சென்ற நூற்றாண்டில் வந்து ஆராய்ந்திருக்கிறார். அதைப் பார்க்க அரைநாள் ஒதுக்கினேன் என்றாலும், அதை இங்கே விஸ்தரிப்பதற்கில்லை. என் மனம் தொழிற்சாலையிலும் படகிலுமே இருந்தது.

அந்த வளையத்தில் நான் பார்த்த மீன் பதனிடும் ஆலையின் தர ஆய்வுப் பகுதியில், தூத்துக்குடி மீன்வளக் கல்லூரியில் படித்த இளைஞர் ஒருவர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். என் பேச்சின் இழுப்பைக் கேட்டதுமே ஊரைக் கண்டுபிடித்து, "அண்ணாச்சி நம்ம பக்கமா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். அவர் துணையால் எனக்குப் பல கதவுகள் திறந்தன. பனிக்கட்டியில் புதைத்து வந்த மீனைத் தரம் பிரித்து, குடல் நீக்கி, ஆவியில் வேகவைத்து ஆறவிடுகிறார்கள். பிறகு நீண்ட மேஜைகளின் இருபுறமும் நிற்கிற பெண்கள் சிறு கத்தியால் தோலைச் சுரண்டி, முள்ளை நீக்கி, கறுத்த சதையை வெளுத்த சதையிலிருந்து பிரிக்கிறார்கள். வெளுத்தது மனிதருக்கு, கறுத்தது பெரும்பாலும் அயல்நாட்டுப் பூனைகளுக்கு. இதில் ஒவ்வொரு படியிலும் சோதனை உண்டு. சூரை மீனைப் பிடித்தவுடன் குளிர்விக்காவிட்டால் அதில் ஹிஸ்டமின் என்னும் நஞ்சு பெருகும். பிறகு எத்தனை வேகவைத்தாலும் அது போகாது.

ஆனால் அந்த இளைஞர் எனக்குக் காட்டுவதற்கு மிகவும் பிரியப்பட்டது மீனை அன்று, அலமாரியை. ஒவ்வொரு படகுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிக் கோப்பு. படகின் பெயர், பதிவு எண், தலைவர் பெயர், புறப்பட்ட நாள், மீன் பிடித்த இடம், பிடித்த விதம், இரைமீனின் அளவு, இறக்கிய எடை, வாங்கிய ரசீது ஆகிய எல்லாம் அதில் இருந்தன. "ஏதாவது ஒரு டப்பாவை எடுங்க அண்ணாச்சி," என்றார். எடுத்தேன். அதன் மூடியில் பொறித்திருந்த எழுத்துகளைக் கணினியில் தட்டினார். அதிலிருந்து வேகவைத்த தொட்டியின் எண்ணுக்கும், அதிலிருந்து மீன் வாங்கிய ரசீதுக்கும், அதிலிருந்து படகுக்கும் ஏறிப் போய், அரைமணிக்குள் ஒரு படகின் பெயரையும் ஒரு செவ்வாய்க்கிழமையையும் என் முன்னால் வைத்துவிட்டார். "மீனு கெட்டுப்போனா மூக்கு சொல்லிரும் அண்ணாச்சி. எங்க பிடிச்சது, எப்படிப் பிடிச்சதுன்னு எந்த மூக்கும் சொல்லாது. அதுக்குத்தான் இவ்வளவு காயிதம். வாங்குறவன் வருஷத்துக்கு ஒருதரம் நேர்ல வந்து இதே மாதிரி ஒரு டப்பாவ எடுத்து நீட்டுவான். பதில் சொல்ல முடியலன்னா சரக்கு நின்னுபோகும்."

ஏட்டைப் பார்த்தாயிற்று, தூண்டிலைப் பார்க்கவேண்டாமா? இரண்டு நாள் காத்திருந்தபின், ஒரு படகின் தலைவர் என்னை ஏற்றிக்கொள்ளச் சம்மதித்தார். படகுத் தலைவரைத் திவேஹியில் 'கேயொளு' என்கிறார்கள். தொண்ணூறு அடி நீளப் படகு, பதினேழு ஆட்கள், அவர்களில் இருவர் வங்காளதேசத்தவர். அஸ்தமனத்துக்குப் பிறகு புறப்பட்டு, பவழப் பாறைக்கு உட்புறமாக அமைதியான நீரில் நங்கூரமிட்டு, பலமான விளக்குகளை நீருக்குமேல் எரியவிட்டார்கள். சூரையைப் பிடிப்பதற்கு முன்னால் சூரைக்குப் போட உயிருள்ள சிறு மீனைப் பிடித்தாகவேண்டும் என்பதும், அந்த வேலை சிலசமயம் இரவு முழுவதையும் விழுங்கிவிடும் என்பதும் எனக்கு அன்றுதான் தெரிந்தது. வெளிச்சத்துக்குக் கூடிய வெள்ளிப்பொடிபோன்ற மீன்களை, கீழே விரித்திருந்த நாற்கோண வலையை மெதுவாகத் தூக்கிச் சேர்த்து, ஒரு செதில்கூட உதிராதபடி கூடையால் மொண்டு, படகின் அடித்தளத்திலுள்ள கிடங்கில் விட்டார்கள். அந்தக் கிடங்குக்குக் கடல்நீர் ஓயாமல் வந்து போய்க்கொண்டிருக்கிறது. இரை செத்தால் அன்றைய வேட்டை இல்லை. ஆகையால் நள்ளிரவுக்குமேல் தலைவரே இருமுறை எழுந்துபோய்க் கிடங்கில் கையை விட்டுப் பார்த்தார். தொட்டிலில் கிடக்கும் பிள்ளையை எழுந்து பார்க்கிற தாயின் நினைவு எனக்கு வந்தது.

கிழக்கு வெளுத்தபோது நாங்கள் பாறை வளையத்தைக் கடந்து நடுக்கடலில் இருந்தோம். தலைவர் தலையை அண்ணாந்து பறவைகளைத் தேடிக்கொண்டிருந்தார். தொலைநோக்கியும் மின்கருவியும் இருந்தும், கடைசியில் அவர் படகைத் திருப்பியது ஒரு பறவைக் கூட்டத்தைப் பார்த்துத்தான். நெருங்கியதும் படகின் வேகம் தணிந்தது. பின்பக்கத் திண்ணையில் பத்துப் பன்னிரண்டு பேர் நீண்ட கழிகளுடன் வரிசையாக நின்றார்கள். ஒருவர் இரைமீனைக் கைப்பிடி கைப்பிடியாக வீசினார். குழாய்களிலிருந்து நீர் தூவலாகக் கடலில் விழுந்து, சிறு மீன்கள் துள்ளுவதுபோல் நீரின் மேற்பரப்பைக் கலக்கிற்று. அடுத்த நிமிஷம் கடல் கொதித்தது. கழி தாழ்ந்தது, வளைந்தது, நிமிர்ந்தது. மீன் ஆளின் தலைக்குமேல் பறந்து வந்து தளத்தில் விழுவதற்குள் கயிறு தொய்ந்து, முள் தானாகவே வாயிலிருந்து கழன்றுகொண்டது. முள் மறுபடி நீரில். இவ்வாறு ஒரு கழிக்கு ஒரு மீனாக, ஒவ்வொன்றும் இரண்டு மூன்று கிலோ எடையுள்ள மீன்கள் மழைபோல் விழுந்து, வாலால் பலகையை அடித்த சத்தம் நூறு பறைகளை ஒருசேர முழக்கியதுபோல் இருந்தது. இருபது நிமிஷம். பிறகு மீன் இரையை வெறுத்து ஆழத்துக்குப் போய்விட்டது, கழிகள் நிமிர்ந்தன, படகில் பேச்சு திரும்பி வந்தது.

ஓய்ந்தபின் ஒரு தூண்டில் முள்ளை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். நம் கடற்கரைத் தூண்டில்களில் முனைக்குச் சற்றுக் கீழே, மீன் நழுவாமலிருக்க, எதிர்ப்புறமாகக் கிளம்புகிற ஒரு சிறு நாக்கு இருக்குமல்லவா? அது இந்த முள்ளில் இல்லை. ஊசிபோல் வழவழவென்று வளைந்திருந்தது. நாக்கு இருந்தால் மீனைக் கழற்ற நேரமாகும். வேகத்துக்காக ஏற்பட்ட ஏற்பாடு இது. ஆனால் அதனாலேயே, வேண்டாத மீன் சிக்கினால் உயிரோடு திருப்பிவிடவும் முடிகிறது. தளத்தில் கிடந்த குவியலைக் கிளறிப் பார்த்தேன். வரிச்சூரை, நடுநடுவே மஞ்சள் துடுப்புச் சூரைக் குஞ்சுகள் சில. ஆமை இல்லை, சுறா இல்லை. சுறா பிடிப்பதை இந்த நாடு 2010-இலேயே முற்றாக விலக்கிவிட்டது. சூரைக்குச் சுருக்குமடி வலை வீசுவதற்கும் இங்கே அனுமதியில்லை. தமிழ்நாட்டுக் கரையில் சுருக்குமடியைக் குறித்து எத்தனை சண்டைகள், எத்தனை வழக்குகள் நடந்திருக்கின்றன என்பதை நாம் அறிவோம். அங்கே 2000-ஆம் ஆண்டு விதித்த தடையும், 2023-இல் உச்சநீதிமன்றம் நிபந்தனைகளோடு வாரத்தில் இரண்டு நாள் வழங்கிய அனுமதியும் இன்னும் கரைகளில் பேச்சாகவே இருக்கின்றன. நடுக்கடலில் அயல்நாட்டுக் கப்பல்கள் வீசுகிற சுருக்குமடி அதைவிடப் பன்மடங்கு பெரிது. மிதவைகளைக் கடலில் அலையவிட்டு, அவற்றின் நிழலில் கூடுகிற மீன்களைக் குஞ்சு, சுறா என்று பாராமல் ஒரே சுற்றில் சுருட்டி எடுத்துவிடுகிறார்கள்.

மாலத்தீவின் முறை குற்றமற்றது என்று நான் சொல்லவரவில்லை. அரசாங்கம் நங்கூரமிட்டு நிறுத்திய மிதவைகள் இங்கேயும் ஐம்பதளவில் உண்டு. இரைமீனைப் பாறைகளிலிருந்து எடுத்துக்கொண்டே போனால் பாறையின் ஜீவன் குறையாதா என்ற கேள்வியைத் தலைவரிடமே கேட்டேன். சில இடங்களில் முன்போல் இரை கிடைப்பதில்லை என்று அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். இரைமீனுக்கும் இப்போது ஏட்டில் ஒரு பத்தி ஒதுக்கிக் கணக்கு எழுதுகிறார்கள். அந்தப் பத்தியை எழுதச் செய்ததும் அயல்நாட்டுக் கொள்முதல்காரர்களின் கேள்விகளே.

அந்தக் கேள்விகள் பிறந்த இடம் மாலத்தீவு அன்று. உலகத்தின் மறுகோடியிலுள்ள கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. ஐந்நூறு வருஷம் அள்ளியும் தீராதென்று எண்ணிய காட் மீன் அங்கே தீர்ந்துபோய், 1992-இல் அரசாங்கம் அந்த மீன்பிடிப்பையே மூடிவிட, முப்பதினாயிரம் பேர் ஒரே நாளில் வேலை இழந்தார்கள். அது மீனவரைக் கலங்கச் செய்தது. மீனை வாங்கி விற்கிறவரையும் கலங்கச் செய்தது. அப்போது உலகத்திலேயே மிக அதிகமாக உறைமீன் வாங்கிய ஸ்தாபனங்களில் ஒன்றாகிய யூனிலீவர், உலக இயற்கை நிதியத்தோடு சேர்ந்து, 1996, 97 வாக்கில் மரைன் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில் என்ற சபையை உண்டாக்கியது. மீன்வளம் குன்றாதபடி பிடிக்கிறவர்களுக்குச் சான்றிதழ் கொடுப்பது அந்தச் சபையின் பணி. 2006-இல் வால்மார்ட், தன் வடஅமெரிக்கக் கடைகளில் விற்கும் கடல்மீன் முழுவதையும் சில ஆண்டுகளுக்குள் அத்தகைய சான்றிதழ் பெற்ற இடங்களிலிருந்தே வாங்குவதாக அறிவித்தது. பிரிட்டனில் சூழல் இயக்கத்தார் சூரை டப்பாக்களை வரிசைப்படுத்தி, எந்தக் கம்பெனி எவ்விதம் பிடித்த மீனை விற்கிறது என்று வெளியிட்டுக்கொண்டே இருந்ததன் விளைவாக, பேரங்காடிகள் ஒவ்வொன்றாகத் தங்கள் கொள்முதல் ஏட்டில் ஒரு நிபந்தனையைச் சேர்த்தன: கழித்தூண்டிலால் பிடித்தது, அல்லது மிதவை இல்லாமல் பிடித்தது.

இந்தக் கொள்கைகள் மீது எனக்குள்ள மதிப்பை மறைக்கவேண்டிய அவசியமில்லை. சர்க்கார் சட்டம் எட்டாத நடுக்கடலில், வாங்குகிறவன் "இப்படிப் பிடித்தால்தான் வாங்குவேன்" என்று எழுத்தில் சொல்வது மிகப் பெரிய பலம். தலைமுறை தலைமுறையாகத் தூண்டிலைத் தவிர வேறொன்றும் அறியாதிருந்த இந்த ஜனங்களின் பழக்கம், அந்த ஒரு வரியால் சந்தையில் ஒரு சிறப்பாயிற்று. 2012 நவம்பரில் மாலத்தீவின் கழித்தூண்டில் வரிச்சூரைக்குச் சான்றிதழ் கிடைத்தபோது, தொழிற்சாலையில் நான் கண்ட அத்தனை ஏடுகளுக்கும் ஒரு அர்த்தம் ஏற்பட்டது.

என்றாலும், படகுத் தலைவர் மாலையில் தம் வீட்டு வாசலில், கயிற்றால் பின்னிய ஜோலி என்னும் தொங்கு நாற்காலியில் அமர்த்தி, மீன்சாறும் சோறும் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கொண்டுவரச் சொல்லி, தூத்துக்குடி இளைஞரை மொழிபெயர்க்க வைத்து என்னிடம் சொன்ன விஷயங்களை இங்கே எழுதாவிட்டால் நான் பாதிக் கதை சொன்னவனாவேன். வரிச்சூரை எல்லைகளை அறியாத மீன். இன்று லாமுவில் திரிவது நாளை சேஷல்ஸ் பக்கம் போய்விடும். ஆகவே இவர் எத்தனை ஒழுங்காகப் பிடித்தாலும், மற்றவர்கள் அளவுமீறிப் பிடித்தால் இவருடைய சான்றிதழுக்கே ஆபத்து. இதை உணர்ந்தே மாலத்தீவு, இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையத்தில் விடாப்பிடியாக வாதாடி, வரிச்சூரைக்கு ஓர் அளவு விதிக்கும் தீர்மானத்தை 2016-இல் நிறைவேற்றச் செய்தது. அந்த விதிப்படி 2018 முதல் 2020 வரை வருஷத்துக்கு 4,70,029 டன்னுக்குமேல் பிடிக்கலாகாது. மூன்று வருஷமும் அந்த அளவு மீறப்பட்டது.

இன்னொன்றையும் அவர் சொன்னார். 2011-இல் மாலத்தீவு மிக வறிய நாடுகளின் பட்டியலிலிருந்து உயர்த்தப்பட்டது. பெருமைதான், ஆனால் அதன் பலனாக 2014 முதல் ஐரோப்பியச் சந்தையில் வரிச்சலுகை போய்விட்டது. தூண்டிலால் பிடித்து இங்கே அடைத்த டப்பாவின்மீது ஐரோப்பாவின் வாசலில் 24 சதவீதம் சுங்கம் விழுகிறது. ஐரோப்பியக் கப்பல்கள் சுருக்குமடியால் பிடித்து சேஷல்ஸில் அடைத்த டப்பாவோ சுங்கமின்றி உள்ளே போகிறது. இரண்டும் ஒரே கடையின் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகின்றன. "எங்களுக்குப் புகழ் தருகிறார்கள், விலை அவர்களுக்குத் தருகிறார்கள்," என்று அவர் சொன்னதை இளைஞர் மொழிபெயர்த்தபோது, தலைவரின் குரலில் கோபத்தைவிடக் களைப்பே தெரிந்தது.

மஞ்சள் துடுப்புச் சூரையின் கதை இன்னும் வருத்தமானது. இந்தியப் பெருங்கடலில் அது அளவுக்குமேல் பிடிக்கப்பட்டுவிட்டதென்று 2015-இல் விஞ்ஞானிகள் கணித்தார்கள். சில வருஷங்களில் பிரிட்டனின் பேரங்காடிகள் சில, இந்தக் கடலின் மஞ்சள் துடுப்புச் சூரையை வாங்குவதை நிறுத்தவோ குறைக்கவோ முடிவு செய்தன. நோக்கம் நல்லதென்பதில் ஐயமில்லை. ஆனால் கடலின் பெயரைச் சொல்லி ஒதுக்குகிறபோது, ஒற்றை நரம்புத் தூண்டிலோடு போகிறவனும் ஒரு மைல் சுற்றளவு வலை வீசுகிறவனும் ஒன்றாகவே ஒதுக்கப்படுகிறார்கள். வலைக்காரனுக்கு மற்ற சமுத்திரங்கள் உண்டு. கப்பலைத் திருப்பிக்கொண்டு போய்விடுவான். தூண்டிற்காரனுக்கு இந்தப் பாறை வளையத்தைச் சுற்றியுள்ள கடலைத் தவிர வேறு கடல் ஏது?

இரவு வெகுநேரம் அந்தத் தொங்கு நாற்காலியில் இருந்தபடியே நான் யோசித்தேன். கொள்முதல் கொள்கை என்பது இன்றைக்கு ஒரு பக்கத்து உடன்படிக்கையாகவே எழுதப்படுகிறது. படகின் பெயரைச் சொல், நாளைச் சொல், முள்ளைக் காட்டு, ஏட்டைக் காட்டு என்று பிடிக்கிறவனிடம் கேட்பதெல்லாம் அதில் உண்டு. வாங்குகிறவன் தன் பங்குக்கு என்ன செய்வான் என்பதற்கு அதில் ஒரு வரியும் காண்பதரிது. தூண்டில் மீனுக்கு வலைமீனைவிட எத்தனை கூட விலை, எத்தனை வருஷத்துக்கு அந்த விலை உறுதி, மீன் அகப்படாத பருவத்தில் படகை யார் காப்பது, ஆணையத்தில் அளவை மீறிய நாடுகளின் கப்பல்களிடம் வாங்குவதை அந்த ஸ்தாபனமே நிறுத்துமா என்பவற்றையும் எழுதினால்தான் அது முழுக் கொள்கையாகும். ஆணையத்தின் மேஜையில் மாலத்தீவின் குரல் சிறிய குரல். அதே மீனைக் கோடிக்கணக்கில் வாங்குகிற பேரங்காடிகள் அந்தக் குரலோடு தங்கள் குரலையும் சேர்த்தபோது நாடுகள் செவி சாய்த்ததும் உண்டு. 2016-இன் தீர்மானத்துக்குப் பின்னாலும் கொள்முதல்காரர்களின் கடிதங்கள் இருந்தன. ஒரு தரம் செய்ய முடிந்ததை ஒவ்வொரு வருஷமும் செய்யக்கூடாதா?

ஊர் திரும்பியபின் தூத்துக்குடியில் எங்களுக்குப் பழக்கமான கடைக்குப் போய், கால்கிலோ மாசி நிறுத்து வாங்கிக்கொண்டு, இது எந்தத் தீவிலிருந்து வந்தது என்று கேட்டேன். கடைக்காரர் நல்ல மனிதர். என் தகப்பனார் காலத்திலிருந்து தெரிந்தவர். "மாலத்தீவுச் சரக்குத்தான் அண்ணாச்சி; ஒரிஜினல்" என்றார். அதற்குமேல் அவருக்குத் தெரியவில்லை. அவரிடம் அதுவரை கேட்டவரும் இல்லை. நம் கன்னியாகுமரிக் கரையிலுள்ள தூத்தூர் மீனவர்கள் தூண்டிலை நம்பி ஆழ்கடலுக்கு வாரக்கணக்கில் போய்வருகிறார்கள். அவர்களுடைய சூரையும் சந்தையில் மற்ற மீனோடு மீனாகக் கலந்தே விலைபோகிறது. தூண்டிலால் பிடித்தது என்று பிரித்துக் கேட்டு வாங்குகிற ஒரு ஹோட்டலையோ கம்பெனியையோ நான் இதுவரை நம் பக்கத்தில் கண்டதில்லை.

இதைப் படிக்கிறவர்களில் ஹோட்டல் நடத்துகிறவர்களும், கம்பெனி உணவுக்கூடங்களுக்குச் சரக்கெடுக்கிற அதிகாரிகளும் இருப்பீர்கள். உங்கள் கொள்முதல் ஏட்டில் எடையும் விலையும் எழுதுகிற பத்திகளுக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பத்தி சேருங்கள்: ஒன்றில் பிடித்த விதத்தை எழுதுங்கள், மற்றொன்றில், அவ்விதம் பிடித்ததற்காக நீங்கள் கூடுதலாகக் கொடுத்த தொகையை எழுதுங்கள்.